மாகறல் வீட்டு வெள்ளிக்கிழமை

இன்டர்நெட் பெட்டி ரிப்பேர் பார்க்கிறவனை, பெட்டி சரியாகிற வரைக்கும் யாரும் உட்காரச் சொல்வதில்லை. சரியான பிறகு யாரும் எழுந்திருக்க விடுவதில்லை.

உங்களுக்கும் தெரிந்த கதைதான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கும். நாலு பச்சை விளக்கும் ஒழுங்காக எரியும், நெட் மட்டும் வராது. நீங்கள் அதன் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பீர்கள். நான் அப்படி நிற்பதையே பிழைப்பாக வைத்திருந்தவன்.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் காதர் பாய் கடையில் வேலை. பாய் அதற்கு முன் ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் விற்றவர். கம்ப்யூட்டரைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதை வருகிறவர்களிடம் அவரே முதலில் சொல்லிவிடுவார். அதனால் கோளாறு என்று ஃபோன் வந்தால் மொபெட்டில் கிளம்புகிற ஆள் நான். டிப்ளமா படித்தவன், எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு அப்போது நிறைய இருந்தது. அதை ஊர் ஊராகப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைத்துவிட்டு வந்தேன்.

சந்தனம் வைக்க ஓர் இடம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. நாஷ்டா முடிவதற்குள் ஃபோன். கடைத்தெருவில் விதையும் உரமும் விற்கிற தணிகாசலம். நெட் சுத்தமாக இல்லை என்றார். போய்ப் பார்த்தால் அவருடைய ரவுட்டர் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த அன்றைய நிலைக்குத் திரும்பியிருந்தது. பெயர், பாஸ்வேர்டு, நான் அரைநாள் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தது எல்லாம் போய்விட்டது. அது தானாக ஆகிற காரியம் இல்லை. பின்பக்கம் ஓர் ஊசித் துளை உண்டு. அதற்குள் இருக்கிற பொத்தானைப் பத்து விநாடி விடாமல் அழுத்தினால்தான் அப்படி அழியும். யார் தொட்டது என்று கேட்டேன். ஒருத்தரும் தொடவில்லை என்று சத்தியம் செய்தார்.

திருப்பிப் பார்த்தேன். துளையில் சந்தனம். தராசு, கல்லாப்பெட்டி, மூட்டை தைக்கிற மிஷின் எல்லாவற்றுக்கும் விரலால் வைத்தவர், இதற்கு மட்டும் ஈர்க்குச்சியால் வைத்திருக்கிறார். மேலே முழுக்கக் காற்றுத் துவாரம், முன்னால் விளக்கு. எங்கே வைத்தாலும் பெட்டிக்குக் கெடுதல் வந்துவிடுமே என்று யோசித்துப் பின்பக்கம் தேடிக் கண்டுபிடித்த இடம் அது. குச்சியை வைத்து அழுத்தி, கண்ணை மூடி, தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லி முடிக்கிற வரைக்கும் கையை எடுக்கவில்லையாம். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்தப் பெட்டியை அத்தனை மரியாதையோடு நான் ஒருநாளும் தொட்டதில்லை. அடுத்த வருஷம் ஒரு தாளை ஒட்டித் தாள்மேல் வையுங்கள், அல்லது வைக்காமலே விட்டுவிடுங்கள் என்றேன். இரண்டாவது யோசனையை அவர் ஏற்கவில்லை.

"தராசுக்கு வெச்சேன், கல்லாவுக்கு வெச்சேன். ராப்பகலா முயிச்சிக்கினு கீறது இது ஒண்ணுதான். இதுக்கு வெக்காம வுட்டா எப்டி தம்பி?"

கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறவர்கள்

கார்த்திகையில் மாகறலுக்குப் போனேன். செய்யாற்றங்கரையில் கன்னியப்பன் என்ற விவசாயி வீடு. மகன் சேகர் குவைத்தில் தச்சு வேலை. மருமகள் ஜெயந்தி இங்கே மாமனார் மாமியாரோடு இருந்தாள். சேகருக்கும் ஜெயந்திக்கும் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. இருவரும் ஒரே பள்ளியில் படித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். மற்ற வீட்டில் ஃபோனை எடுத்து 'நல்லா இருக்கியா' என்று கேட்டுவிடுவோம். இவர்களுக்கு ஃபோனால் பிரயோஜனம் இல்லை. மெசேஜ் அனுப்புவார்கள், சாப்டியா, சாப்டேன் என்பதற்கு மேல் அது போகாது. முகத்தையும் கையையும் பார்த்தால்தான் அவர்களுக்குப் பேச்சு. அதற்காகத்தான் கம்ப்யூட்டரும் கேமராவும் வாங்கினார்கள். குவைத்தில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. நம்முடைய சாயங்காலம் நாலரை மணிக்கு சேகர் அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் வந்து உட்காருவான்.

வீடு பழைய மண்சுவர் வீடு. டெலிபோனும் ரவுட்டரும் கூடத்தில், கம்ப்யூட்டர் உள்ளறையில். நடுவில் இரண்டடி கனத்தில் சுவர், அதில் சின்னதாக ஒரு மரக்கம்பி ஜன்னல். ஒயர் எதற்கு, இப்போதெல்லாம் வயர்லெஸ்தான் என்று பெருமை பேசி விற்றவன் நான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் என் முதல் வயர்லெஸ் அது. இரண்டு சாமானையும் கூடத்திலேயே வைத்தால் இன்னும் நன்றாக வரும் என்றும் சொல்லிப் பார்த்தேன். மாமியார் முனியம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை நான் கூடவே இருந்தேன். லைன் வேகம் குறைவு. படம் நின்று நின்றுதான் நகரும். இதில் கையசைவு எங்கே புரியப்போகிறது என்று எனக்குச் சந்தேகம். ஜெயந்தி தன் பின்னால் கருநீலப் போர்வை ஒன்றை ஆணியில் மாட்டினாள், கை பளிச்சென்று தெரிவதற்காக. படம் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை நகர்கிறது என்று இரண்டு நிமிஷம் கவனித்தாள். பிறகு அந்தக் கணக்குக்கு ஏற்றாற்போல் கையை நிறுத்தி நிறுத்திப் பேச ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் சேகரும் அப்படியே செய்தான். மெதுவான லைனைச் சரிசெய்ய வழி தெரியாமல் நான் நிற்க, அவர்கள் தங்கள் பேச்சையே அதற்குத் தக்கபடி மாற்றிக்கொண்டார்கள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முனியம்மா என்னைக் கூடத்துக்கு அழைத்து வந்து கதவைச் சாத்தினார்.

"நீயும் நானும் ரகசியம் பேசணும்னா கொரல எறக்கிப்போம். அதுங்க கைய எப்டிப்பா எறக்கும்? கதவத்தான் சாத்தணும்."

வைக்கோல்போர் வரைக்கும்

மார்கழியில் தென்னேரி. ஏகாம்பரம் என்ற விவசாயிக்கு மகன் லேப்டாப் வாங்கிக் கொடுத்திருந்தான். ரவுட்டரை மாட்டி முடித்ததும், இது எது வரைக்கும் போகும் என்று கேட்டார். நூறடி, நூற்றைம்பதடி போகும் என்று கூடவே வந்த புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். அவருக்குத் திருப்தி இல்லை. லேப்டாப்பைத் திறந்தபடியே தாம்பாளம் ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு அடி எண்ணி நடந்தார். சிக்னல் அறுந்த இடத்தில் எல்லாம் ஒரு குச்சியை நட்டார்.

அரைமணி நேரத்தில் வீட்டைச் சுற்றிக் குச்சிகள் நின்றன. நான் வட்டமாக இருக்கும் என்று நினைத்தேன், கோணல்மாணலாக இருந்தது. கிணற்றுப் பக்கம் தூரமாகப் போனது. மாட்டுக்கொட்டகைப் பக்கம் குறைவு. வைக்கோல்போருக்குப் பின்னால் இருபதாவது அடியிலேயே குச்சி. அப்படி அளக்க வேண்டும் என்று எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, எனக்கும் தோன்றியதில்லை. அதை ஒப்புக்கொள்ளாமல், அப்படி இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மொபெட்டை உதைக்கும்போது அவர் கேட்டது முதுகில் வந்து விழுந்தது.

"நூறடி, நூத்தம்பதடின்னு எயுதினவன் என் வைக்கப்போரப் பாத்தானா?"

மூன்று வெள்ளி

தை மாதக் கடைசியில் மாகறலிலிருந்து ஃபோன். வெள்ளிக்கிழமை படம் வரவில்லை. மறுநாளே போனேன். ரவுட்டர் பக்கத்தில் என் லேப்டாப்பை வைத்தால் நெட் பறக்கிறது, உள்ளறையில் சிக்னல் கோடு ஒன்றுகூட நிற்கவில்லை. ரவுட்டருக்குச் சக்தி குறைந்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னேன். அறுவடை முடிந்து கூடத்தில் பாதிக்கு நெல் மூட்டை, உட்கார வேறு இடம் இல்லை. மூட்டைமேல் உட்கார்ந்துதான் தீர்ப்புச் சொன்னேன், மூட்டைமேல் உட்கார்ந்துதான் முனியம்மா கொடுத்த டீயைக் குடித்தேன்.

புது ரவுட்டர் வைத்தேன். அடுத்த வெள்ளியும் வரவில்லை. ரவுட்டரின் அலைவரிசையை மாற்றினேன், ஆன்டெனாவைத் திருப்பினேன். மூன்றாவது வெள்ளியும் போயிற்று. கம்ப்யூட்டரைக் கூடத்துக்கு மாற்றலாம் என்றதற்கு முனியம்மா அப்போதும் சம்மதிக்கவில்லை. பேசாமல் ஒரு ஒயரை இழுத்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். வயர்லெஸ் என்று மார்தட்டியவன், ஒயர்ச் சுருளோடு அந்த வாசலில் போய் நிற்க மானம் இடம் கொடுக்கவில்லை.

அதற்குள் விஷயம் முற்றிவிட்டது. ஜெயந்திக்கு அப்போது ஏழாம் மாதம். மூன்று வாரமாக முகம் தெரியாததால், அவளுக்கோ வயிற்றுப் பிள்ளைக்கோ ஏதோ ஆகிவிட்டது, வீட்டில் மறைக்கிறார்கள் என்று சேகர் முடிவுகட்டியிருந்தான். அவனோடு தங்கியிருந்த காது கேட்கிற நண்பர் ஒருவர் கன்னியப்பனை ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னார். இங்கே எல்லாரும் நலம் என்று சொன்னதை அவரும் கையால் சொல்லிப் பார்த்தார், ஜெயந்தியும் மெசேஜ் அனுப்பிப் பார்த்தாள், அவன் நம்பவில்லை. வருகிற வெள்ளிக்கிழமையும் ஜெயந்தியைப் பார்க்காவிட்டால் கிளம்பிவிடுவானாம். ஒப்பந்தம் முடியாமல் கிளம்பினால் அந்த வேலை திரும்பக் கிடைக்காது. அதை இரண்டு வருஷம் அலைந்து வாங்கியிருந்தான்.

இதைக் கேட்டதும் கடைக்கு வந்து மூன்றாவதாக ஒரு ரவுட்டரை எடுத்துப் பையில் போட்டேன். பாய் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பொட்டி மேல பொட்டியா மாத்திக்கினே கீற. அந்த வூட்ல இன்னா மாறிச்சுன்னு ஒருவாட்டி பாத்தியாப்பா?"

நடுவில் நின்றது

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே மாகறல் போய்விட்டேன். பையைத் திறக்கப் போனேன். ஜெயந்தி என் கையிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு எங்களை ஆளுக்கொரு இடத்தில் நிறுத்தினாள். மாமியாரைக் கூடத்து ஓரம், ரவுட்டர் பக்கத்தில். தான் எதிர் ஓரம். மாமனாரைக் கையைப் பிடித்து இழுத்து நட்டநடுவில். அப்படி நின்று கையால் ஏதோ சொன்னாள். கன்னியப்பனின் முதுகு மறைத்ததில் முனியம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவரைத் தள்ளி நிறுத்திவிட்டு அதையே மறுபடி சொன்னாள். இப்போது முனியம்மா சிரித்துவிட்டார். ஜெயந்தி என்னைப் பார்த்து, அடுக்கி வைத்த நெல் மூட்டையைத் தட்டினாள்.

"நடுவுல ஆள் நின்னா என் பேச்சு அந்தாண்ட போவாது, இதுக்கும் அப்டித்தான்னு சொல்லுது" என்றார் முனியம்மா.

சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. உத்தரம் வரைக்கும் அடுக்கிய, ஈரம் முழுசாகக் காயாத நெல் அதை அடைத்துக்கொண்டு நின்றது. தென்னேரிக்காரர் குச்சி நட்டுக் காட்டினார், பாய் வாய்விட்டுக் கேட்டார், எனக்கு உறைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று எந்த வழியாகப் போகும் என்பது, பேச்சைக் கண்ணால் பார்த்தே வளர்ந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மூட்டையை வாசலில் இறக்கலாம் என்று பரபரத்தேன். கன்னியப்பன் அசையவில்லை. வெள்ளிக்கிழமை நெல்லை வாசல் தாண்ட விடுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. மகாலட்சுமியை அனுப்பி வைப்பது மாதிரி. மணி நாலாகப் போகிறது. ஜெயந்தி தரையைக் காட்டி மாமனாரிடம் என்னவோ சொன்னாள். வெளியே வேண்டாம், வீட்டுக்குள்ளேயே ஓரமாக நகரட்டும் என்று நான் புரிந்துகொண்டேன். அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு முதல் மூட்டையைத் தோளில் வாங்கினார். அடுத்ததை நான் பிடித்தேன். ஜன்னலுக்கு நேராக இருந்ததை மட்டும் எடுத்துச் சமையல்கட்டு வரைக்கும் அடுக்கினோம். நாலு இருபதுக்கு ஜன்னல் திறந்தது. உள்ளே கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கோடாக ஏறி, எல்லாக் கோடும் நின்றது. நாலரைக்கு சேகர் வந்தான். ஜெயந்தி போர்வையை மாட்டினாள், கேமராவைவிட்டுத் தள்ளி நின்று வயிற்றைக் காட்டினாள். சேகர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். கொஞ்ச நேரம் அவனால் பேசவே முடியவில்லை, கை இரண்டும் முகத்திலேயே இருந்தன.

முனியம்மா கதவைச் சாத்தினார். ஆனால் ஜன்னல் திறந்து கிடந்தது, அதன் வழியாக எல்லாம் தெரிந்தது. கன்னியப்பன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். முனியம்மாவும் அப்படியே உட்கார்ந்தார். ஜன்னலில் ஒரு துணியைக் கட்டிவிடலாம், துணியால் சிக்னலுக்கு ஒன்றும் ஆகாது என்று நான் மெதுவாகச் சொன்னேன். கன்னியப்பன் என் தோளைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நீ சொன்னத மூணு வெள்ளி கேட்டாச்சு நைனா. இன்னிக்கு ஒண்ணும் கட்ட வேணாம். அந்தாண்ட திரும்பிக் குந்து."

என் சர்வீஸ் காலத்தில் நான் முழுசாகக் குறை இல்லாமல் செய்து கொடுத்த வேலை, பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரம்தான்.