மேல்கோட்டை மட்டும் சொன்னவர்

வெள்ளிக்கிழமை என்றால் ஆபீஸில் என் பக்கத்து நாற்காலி அக்காவின் மேஜைமேல் போன் தண்ணீர் பாட்டிலில் சாய்ந்து நிற்கும். திரையில் அவர் வீட்டுக்காரர். வளைகுடாவில் நாலு பேர் தங்கும் ஓர் அறையில், லீவு நாள் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். இவர் பாட்டுக்குக் கணினியில் வேலை பார்ப்பார், அவர் பாட்டுக்கு வெங்காயம் உரிப்பார். அவருக்கு வெள்ளிக்கிழமை லீவு, எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. அவர் ஊருக்கு வரும் சமயம் தவிர, இருவருக்கும் ஒரே நாளில் ஓய்வு வாய்த்ததே இல்லை. அந்த நாட்டில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இணையப் பயன்பாடு ஏன் இப்படி ஏறுகிறது என்று எங்களுக்கு வேலை தரும் சென்னைக் கம்பெனிக்காரர்கள் ஒருமுறை கேட்டார்கள். காரணம் எங்கள் மேஜைமேலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது.

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு டைல்ஸ் கடை மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். எந்த நாட்டில் இனி எத்தனை பேர் இணையத்துக்கு வருவார்கள், அங்குள்ள கம்பெனிகள் கணினிக்கும் மென்பொருளுக்கும் எவ்வளவு செலவழிக்கும் என்று கணித்துச் சென்னைக் கம்பெனிக்கு அனுப்புவோம். எந்தக் கணிப்புக்கும் மூன்று கோடுகள் உண்டு. எல்லாம் வேகமாக நடந்தால் மேல்கோடு, மெதுவாக நடந்தால் கீழ்க்கோடு, பெரும்பாலும் நடக்கப்போவது நடுக்கோடு. உட்கார்ந்த இடத்தில் காலாட்டாமல் இருக்கத் தெரியாத எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. செட்டிகுளத்திலிருந்து பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வந்து, கண்ணால் பார்த்திராத தேசங்களுக்குப் பலன் சொல்லிவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்புவேன். அப்பாவுக்குத்தான் இது கடைசிவரை பிடிபடவில்லை. "தையில வெங்காயம் என்ன வெல போவும்னு ஒங்க கம்பெனி சொல்லுமா?" என்பார். சொல்லாது என்றால், "அப்பறம் என்னத்தக் கம்பெனி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அக்காவுக்குச் சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. வளைகுடா நாடுகளின் கணிப்பெல்லாம் அவர் பொறுப்பு. நாளைக்கு நடக்கப்போவது எதைச் சொன்னாலும் "இன்ஷா அல்லாஹ்" சேர்க்காமல் அவருக்கு வாய் வராது. மத்தியானம் டீ வாங்கி வருகிறேன் என்றாலும் சரி, ஒரு தேசமே அடுத்த வருடம் கிளவுடுக்கு மாறும் என்றாலும் சரி, கூடவே அந்த வார்த்தையும் வரும். மேனேஜர் சீண்டுவார். "ஏம்மா, இதை ரிப்போர்ட்ல எங்க போடுறது?" அக்கா திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "போட வேணாம் சார். வாயால சொன்னாப் போதும்" என்பார். ஒருவர் நாளையைக் கணித்துக் கூலி வாங்கிக்கொண்டே, நாளை நம் கையில் இல்லை என்றும் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது யோசித்தால், அந்த ஆபீஸில் நேர்மையாகக் கணித்தவர் அவர் ஒருவர்தான் என்று படுகிறது.

ஒருநாள் அவருக்கு வந்த வேலை, வளைகுடாவில் கிடங்கு வைத்திருக்கும் கம்பெனிகளைப் பற்றியது. சரக்கை எண்ணவும் எடுத்துக்கொடுக்கவும் ஆளுக்குப் பதில் இயந்திரமும் மென்பொருளும் வாங்க அவை எவ்வளவு செலவு செய்யும் என்று சொல்ல வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர் பார்த்தது அதே வேலைதான், ஒரு வண்டி உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். கோடுகளை வரைந்து முடித்த அன்று அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் வாரக்கணக்கில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்குப் போவார், வருவார், பஸ் ஸ்டாண்டைப் பார்ப்பார், மறுபடி அந்தக் கோப்பைத் திறப்பார். "ஏ புள்ள, நீ ஒருக்கா பாரேன்" என்று என்னிடம் காட்டினார். மேல்கோடு செங்குத்தாக ஏறியது. ஆனால் சின்னக் கிடங்குகள் கடைசியில்தான் மாறும், வெகுகாலம் ஆகும் என்று கீழ்க்கோடு சொன்னது. அவருடையது சின்னக் கிடங்கு. எனக்கு மனசு லேசாகிவிட்டது. அக்காவுக்கு ஆகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் போனைக் கையில் எடுத்தார். நான் பக்கத்து நாற்காலி, காதை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

"மச்சான், வந்துடுங்க. அங்க ஒங்க வேலை இருக்காது. ரெண்டு வருசம் தாண்டாது."

அவர் சிரித்தார். "இங்க ஃபேன் ரிப்பேருக்கே ஆள் வரல. மிசினு வருதாம்."

"நாந்தான் கணக்குப் போட்டேன். நடக்கும்."

நடக்கும் என்று சொல்லி அங்கேயே நிறுத்திவிட்டார். எப்போதும் சேர்க்கும் அந்த 'இன்ஷா அல்லாஹ்' வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. போனை வைத்த பிறகு, கீழ்க்கோட்டை ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவரு கேக்கலையே" என்றார் அக்கா. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குப் புருஷன் பக்கத்தில் வேண்டும், அவ்வளவுதான். அதை நேராகச் சொல்ல வாய் வராமல் உலகப் பொருளாதாரத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டார்.

படித்த பெண்டாட்டி சொல்கிறாளே என்று அவரும் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். மருந்துக்கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கண்காணிப்புக் கேமரா மாட்டிக் கொடுக்கும் ஒருவரோடு சேர்ந்து ஏணி தூக்கினார். சாயங்காலம் அக்காவை அழைத்துப்போக டைல்ஸ் கடை வாசலில் பைக்கோடு நிற்பார். வளைகுடாவில் பழகிய உடம்பு, சும்மா நிற்க வராது. கடைக்காரர் இறக்கும் பெட்டிகளை இவரே எண்ணி அடுக்கிக்கொண்டிருப்பார். அக்கா படியிறங்கி வரும்போதே ஓட்டமும் நடையுமாக வருவார். அக்கா ஆபீஸில் பாட்டு முணுமுணுத்ததை அந்த நாட்களில்தான் கேட்டேன்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி. எங்கள் கதை அப்படித்தான் ஆனது. மனிதர் உட்கார்ந்து செய்யும் கணக்கு வேலையை மென்பொருளிடம் கொடுக்கக் கம்பெனிகள் கொட்டிக் கொட்டிச் செலவழிக்கும் என்று எத்தனை நாடுகளுக்குச் சொல்லியிருப்போம்! அந்தக் கோட்டை டைல்ஸ் கடை மாடிக்கு மட்டும் ஒருவரும் வரைந்து பார்க்கவில்லை. சென்னைக் கம்பெனி ஒரு மென்பொருளை வாங்கியது, நாங்கள் மாதக்கணக்கில் செய்ததை அது டீ ஆறுவதற்குள் செய்தது. மேனேஜரே நாற்காலிகளை விற்றுவிட்டுப் போனார். நான் இப்போது அரியலூரில் ஒரு சிமெண்டு லாரி புக்கிங் ஆபீஸில் இருக்கிறேன். இந்த வேலையையும் எது வந்து எப்போது தின்னும் என்று கணக்குப் போட்டபடியே காலை ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் அக்காவையும் அவர் வீட்டுக்காரரையும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். காலடியில் கயிறு கட்டிய பெட்டி. வீட்டுக்காரர் மறுபடி வளைகுடாவுக்குக் கிளம்பியிருந்தார், திருச்சி போய் விமானம் ஏற வேண்டும். அந்தக் கிடங்கில் இன்றுவரை எந்த இயந்திரமும் வரவில்லையாம். பழைய முதலாளியே கூப்பிட்டிருக்கிறார். அக்காவுக்கு வேலை போன பிறகு, ஏணி தூக்குவது மட்டும் வீட்டுக்குப் போதவில்லை. வீட்டுக்காரர் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார், கோபமெல்லாம் இல்லை, கிண்டலாகத்தான் கேட்டார்.

"இந்தத் தடவ ஒங்க அக்கா கணக்கு என்னம்மா சொல்லுது? போகலாமா?"

அக்கா டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். "எனக்குக் கணக்கெல்லாம் தெரியாது மச்சான். எனக்கு நீங்க இங்க இருக்கணும். அன்னைக்கும் அதான்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

திருச்சி பஸ் உள்ளே திரும்பியது. சனம் ஓடியது. அவர் பெட்டியைத் தூக்கவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதர், நின்று யோசித்துப் பார்த்துவிட்டு, "வந்திருக்க மாட்டேன்" என்றார்.

"அதான் சொல்லல" என்றார் அக்கா. பிறகு பெட்டியின் ஒரு பக்கத்தை அவரே பிடித்துத் தூக்கிவிட்டார்.