தனித்தனியாகக் கேட்க வேண்டும்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகட்டும், எனக்கொன்றும் நஷ்டமில்லை. இது என் நாத்தனாருக்கு நடந்தது. அவள் வலது தோளுக்குள் இன்றும் கம்பி இருக்கிறது. கதை கட்டுவதற்காக யாரும் தோள்பட்டையை உடைத்துக்கொள்ள மாட்டார்கள். உண்மையில் அன்று அவள் உயிரோடு வீடு வந்ததே பெரிய விஷயம்.

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதுதான் அவள் வேலை. வசதி குறைந்த நாடுகளில் வயதானவர்களுக்கு மறதி நோய் எதனால் வருகிறது என்று ஒரு ஆராய்ச்சி. மூன்று சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பாள். கடிகாரம் வரையச் சொல்வாள். இஞ்ச் டேப்பால் தலையைச் சுற்றி அளப்பாள். சின்ன வயதில் பட்டினி கிடந்து தலை சிறுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி வருமோ என்று ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு சந்தேகம். பிறகு, கூடவே இருப்பவரைத் தனி அறையில் உட்கார வைத்து, பெரியவர் எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பாள். அதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஒருவர் சொன்னதைப் பற்றி இன்னொருவரிடம் மூச்சு விடக் கூடாது. என் நாத்தனாருக்கு எல்லா வேலையும் வரும், வாயை மூடிக்கொண்டு இருப்பது மட்டும் வராது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அனுபவிக்கிறவள் சொல்கிறேன்.

அன்று மதியம் இரண்டு மணி. பழைய லாரி டிரைவர் ஒருவரின் வீடு. கதவைத் திறந்த பெரியவர் நல்ல வாட்டசாட்டமான ஆள். ஆனால் வாய் லேசாகத் திறந்தபடியே இருந்தது. மூன்று சொற்களில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. கடிகாரம் வரையச் சொன்னால் வெறும் வட்டம் போட்டுவிட்டு, "நீங்க யாரும்மா?" என்றார். அதற்குள் நாலைந்து தடவை கேட்டுவிட்டார். இவளுக்குப் பாவமாக இருந்தது.

"வீட்டுல வேற யாருங்க இருக்காங்க?"

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

அங்கே ஒரு அம்மாள் தரையில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள். தண்ணீர் ஓடவில்லை. பாத்திரங்கள் காய்ந்து தூசி படிந்து கிடந்தன. இவள் அதைப் பார்த்தாள், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அவருக்கு எல்லாமே மறந்துடுதாம்மா?"

"மறந்துட்டாரு. என்னை அடிச்சதைக்கூட மறந்துட்டாரு."

"அடிப்பாரா?"

"ஒரே தடவைதான்." கை நிற்கவில்லை. சரக்... சரக்... "ஞாபகம் இருந்தா நான் சும்மா விட்டிருப்பேனா? மறந்துபோன மனுஷன்கிட்ட என்னத்தைக் கேக்கறது?"

பிறகு துண்டை அவிழ்த்தாள். "எனக்கும் அளந்து பாரேன்."

இவள் டேப்பைப் பின்னந்தலையில் சுற்றி இழுத்தாள். டேப் உள்ளே போனது. இன்னும் இழுத்தாள்... இன்னும் உள்ளே போனது. விரல்கள் முடிக்குள் புதைந்தன. எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். ஈரமாக, சில்லென்று...

டேப்பைப் போட்டுவிட்டு முன்னறைக்கு ஓடி வந்தாள். அப்படியே வாசலைப் பார்த்து ஓடியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

"ஐயா... உங்க சம்சாரம்... நீங்கதான் அடிச்சீங்கன்னு... தலையில..."

பெரியவரின் வாய் மூடியது. கண் தெளிந்தது.

"வேற என்ன சொன்னா?"

எழுந்தார். வாசல் கதவைத் தாழ் போட்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து, லாரி டயர் கழற்றும் வீல் ஸ்பேனரை எடுத்தார்.

முதல் அடி தோளில். மளுக்...

அடுத்தது, தலையை மறைத்த கையில். இரண்டு விரல்கள் பின்பக்கமாக மடிந்தன.

விழுந்தாள். கத்த வாய் திறந்தாள். அவர் அவள் மண்டையைப் பார்த்து மறுபடி ஓங்கினார்...

சமையலறைக் கதவு திறந்தது. கிரீச்...

ஸ்பேனர் தரையில் விழுந்தது.

அவர் வாய் மெல்லத் திறந்துகொண்டது. எச்சில் ஒழுகியது. முகமெல்லாம் வியர்வை.

"நீங்க யாரும்மா?"

சமையலறையைப் பார்த்துக் கேட்டார்.

தாழ்ப்பாளை எப்படித் திறந்தாள் என்று இவளுக்கே தெரியாது. தெருவில் ரத்தத்தோடு கிடந்தவளைப் பக்கத்து வீட்டுத் தையல்காரர்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அவர் சொன்னது இது. அந்தப் பெரியவர் தனி ஆள். மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, பின்மண்டை உடைந்து செத்துப் பல வருடம் ஆகிறது. அன்றிலிருந்துதான் அவருக்கு மறதி.

போலீஸ்காரர்கள் அவரையும் அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து, கை கால்களைக் கட்டிலோடு கட்டி வைத்தார்கள். ஆராய்ச்சியில் இருந்த டாக்டரே போய்ப் பரிசோதித்தார். வலது கையை மட்டும் அவிழ்த்துவிட்டு, கடிகாரம் வரையச் சொன்னார். முள் உட்பட அழகாக வரைந்தார். மூன்று சொற்களையும் வரிசை மாறாமல் சொன்னார்.

"ஐயா, உங்களுக்கு மறதியே இல்லையே" என்றார் டாக்டர், வார்டுக்கே கேட்கிற குரலில்.

"மெதுவா சொல்லுங்க சார்" என்று அவர் கெஞ்சினாராம். "மெதுவா..."

சோதனை முடிந்ததும் வலது கையை மறுபடி கட்டிவிட்டுத்தான் போனார்கள். மறுநாள் காலை நர்ஸ் போய்ப் பார்த்தபோது, நாலு கட்டும் அப்படியே இருந்தன. உடம்பு மல்லாந்து கிடந்தது. முகம் மட்டும் தலையணைக்குள் கவிழ்ந்திருந்தது.

பக்கத்துப் படுக்கைக்காரரைப் போலீஸ் விசாரித்தது.

"ஒரு அம்மா வந்து பக்கத்துல உக்காந்தாங்க. சண்டை கிண்டை எதுவும் போடலை. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. 'அப்போ... ஞாபகம் இருக்கா?'"