பல்லடம் வழியாக அமராவதி அணைக்கு ஒரு மோட்டார் போட்டு

போன வாரம் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தார்: "பழைய ஃபைபர் போட்டு ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க ஆசை. லாரியில் ஏற்றிப் போய் அணையில் இறக்கிய அனுபவம் உண்டா? உங்கள் போட்டை விற்பீர்களா?" முதல் கேள்விக்கு என்னை விட்டால் தமிழ்நாட்டில் வேறு ஆள் கிடையாது. இரண்டாவதற்குக் கடைசியில் வருகிறேன். நான் படித்தது அஞ்சாவது. அதற்கு மேல் போனால் வாத்தியாருக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று நின்றுவிட்டேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், போனில் ஒற்றை விரலால் தட்டுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் திருப்பூரில் கார் வைத்திருந்தவர்களையே விரல் விட்டு எண்ணலாம். மோட்டார் போட்டு இருந்தது நம்ம வீட்டில் மட்டும்தான். நொய்யலில் முழங்கால் தண்ணீர் நின்றால் திருவிழா மாதிரி பார்க்க வருகிற ஊரில் போட்டு எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. பனியன் பேல்களோடு கொச்சிக்குப் போனபோது ஒரு படகுப் பட்டறையில் தென்னை ஓலைக்கு அடியில் அது கவிழ்ந்து கிடந்தது. பதினாலு அடி நீளம். வெளிநாட்டுக்காரர் ஒருவர் கொண்டுவந்து, ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. மரம் இல்லை, இரும்பு இல்லை. கண்ணாடி நாரை ரெசின் என்கிற பசையில் ஊறவைத்து அச்சில் வார்த்தது. அதன் வளைவைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குக் கல்யாணப் பொண்ணைப் பார்த்தது போல ஆகிவிட்டது. (இந்த வரியை ருக்மணி படிக்கவில்லை என்று நம்புகிறேன்.)

பட்டறை மேஸ்திரி லோனப்பன் சேட்டனுக்கு அப்போதே அறுபது இருக்கும். வெளிநாட்டுக்காரர் போட்டை சேட்டன் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மூன்று பேர் அதை உடைத்துத் தண்ணீர்த் தொட்டி செய்யக் கேட்டார்களாம், கொடுக்கவில்லை. என்னிடம் நானூறு ரூபாய் கேட்டார், கூடவே ஒரு கண்டிஷனும் போட்டார்.

"ஒரு கொல்லம், ஒரு வருஷம் டைம். அதுக்குள்ளே இது தண்ணியில தானா போயி தானா திரிச்சு வரணும். ஞான் வந்து கண்ணால பாக்கும். இல்லெங்கில் உன் ரூபா உனக்கு, போட்டு எனக்கு. பேப்பர் அதுவரைக்கும் என் கையில."

"ஆறு மாசத்துல பறக்கவே விடறனுங்க" என்றேன்.

ஆறு மாசம் இல்லை, பதினொன்று ஆயிற்று. பழைய பெயிண்டைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளில் தேய்த்தே எட்டு மாசம். அந்தத் தூசி பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தேய்க்க வேண்டும். மோட்டார் விசிறியில் ஓர் இதழ் மடங்கியிருந்தது. பித்தளைதானே என்று அனுப்பர்பாளையத்துக்குக் கொண்டுபோனேன். அண்டா அடிக்கிற ஆசாரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கோயிலுக்குங்க?" என்று கேட்டார். ஆனாலும் மூணு இதழையும் எடை மாறாமல் தட்டிக் கொடுத்தார், அந்தக் கைக்கு இன்றைக்கும் கும்பிடு. மோட்டாரைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் வெந்துவிடும் என்பதால் பக்கத்துச் சாயப்பட்டறைத் தொட்டியில் மாட்டிச் சோதித்தேன். அது சிவப்புத் தண்ணீரை உறிஞ்சி எதிரே காய்ந்த வெள்ளைத் துணி மேல் துப்பியது. முந்நூறு பனியன் நாசம் என்று நான் சொல்வேன். முப்பது என்று ருக்மணி சொல்வாள்.

ருக்மணி என் மனைவி. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டியவள்.

இப்போது நான் செய்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும், பின்னால் வருவது அதனால்தான். போட்டின் அடியில், பின் சீட்டுக்கு முன்னால், ரெண்டு ஜாண் அளவுக்கு ஓட்டை. மற்ற இடமெல்லாம் மேட்டு என்கிற கண்ணாடி நார் விரிப்பை வைத்து அடைத்தாயிற்று, கடைசியில் இந்த இடத்துக்கு மேட்டு போதவில்லை. வாங்கத் திரும்பக் கோயமுத்தூர் போக வேண்டும். வீடு நிறைய இன்டர்லாக் துணி கிடக்கிறது, ஒரு துணிக்காகக் கோயமுத்தூர் போவதா? நாலு மடிப்பு பனியன் துணியை இழுத்துப் பிடித்து ரெசின் ஊற்றிவிட்டேன். காய்ந்ததும் கன்னம் மாதிரி வழவழப்பு. உலகத்தில் எதையும் பனியன் துணியால் செய்யலாம் என்று நம்புகிற ஊர் எங்களுடையது.

ருக்மணி ஒரு தரம்தான் சொன்னாள். "ஏனுங்க, பின்னல் துணி இழுத்தா வரும், நனஞ்சா வளரும். அத நம்பித் தண்ணியில எறங்குவாங்களா?"

"இது ரெசின் குடிச்ச துணி அம்மிணி, கல்லு" என்றேன்.

தை மாசம் பிறந்ததும் சேட்டனுக்குக் கடுதாசி போட்டேன். பொள்ளாச்சி வழியாக உடுமலைக்கு வந்துவிடுகிறேன் என்று பதில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அஞ்சரை மணிக்கு நானும் ருக்மணியும் கிளம்பினோம். லாரி வாடகை தொண்ணூறு ரூபாய், டிரைவர் சின்னச்சாமிக்குப் படி பத்து. போட்டை ஏற்ற எட்டு ஆள். அடியில் மெத்தை மாதிரி பனியன் வேஸ்ட் மூட்டைகள் போட்டோம். கட்டிங்கில் விழுகிற துண்டுகள்தான், மெத்துமெத்தென்று இருக்கும். புதுப்பித்த போட்டைக் கொண்டுபோகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: கயிறு படுகிற ஒவ்வொரு இடத்திலும் துணி வையுங்கள், இல்லாவிட்டால் பாலீஷ் போய்விடும்.

பல்லடம் பதினாறு கிலோமீட்டர், ஆறு பத்துக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. கோழிக்கூடை வைத்திருந்த ஒருத்தர் ஓடிவந்து, "ஏனுங்க, தேருங்களா?" என்றார்.

"தேர்தானுங்க. வடம் புடிக்க வாறீங்களா?" என்றான் சின்னச்சாமி.

"தண்ணி எங்கீங்க இருக்குது இந்தப் பக்கம்?"

"அதயுந்தான் தேடிட்டுப் போறமுங்க."

குடிமங்கலத்தில் டீ, ஆளுக்கு இருபது பைசா. உடுமலைக்கு எட்டு இருபது. திருப்பூரிலிருந்து அறுபத்திரண்டு கிலோமீட்டர், மைல்கல்லை நானே எண்ணினேன். பஸ் ஸ்டாண்ட் வாசலில் வெள்ளை வேட்டியும் கறுப்புக் குடையுமாக லோனப்பன் சேட்டன் நின்றிருந்தார். வணக்கம்கூடச் சொல்லாமல் லாரி மேலே ஏறினார். மோதிரம் போட்ட விரலை மடக்கி, போட்டின் அடிவயிற்றை உள்பக்கமாக ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக். ஒவ்வொரு தட்டுக்கும் காதைக் கிட்டே வைத்தார். பின் சீட்டுக்கு நேராக வந்ததும் 'பொத்' என்றது. நின்றார். இன்னொரு தரம் தட்டினார். பொத்.

"இவிடெ என்னா வெச்சு?"

"ஸ்பெஷல் மேட்டுங்க சேட்டா. ஃபாரின்."

என்னைப் பார்த்தார். ருக்மணியைப் பார்த்தார். அவள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேட்டன் இறங்கி முன்சீட்டில் உட்கார்ந்தார்.

அங்கிருந்து அணைக்கு இருபத்திநாலு கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அணையில் முதலை உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கரைப் பாறையில் ஒன்று வாயைத் திறந்துகொண்டு வெயில் காய்ந்தது. இருபத்திரண்டு அடி. ருக்மணி பதினோரு அடி என்பாள், நீங்கள் பதினாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அணைக் காவலரிடம் முதல் நாளே ஆள் விட்டுச் சொல்லி வைத்திருந்தோம். "காத்து கெளம்பறதுக்குள்ள கரை ஏறிக்கோணுமுங்க" என்றார். நாங்கள் இறக்கி முடிக்கப் பத்தே முக்கால். அதற்குள் சேட்டன் தள்ளி நின்ற ஒரு பரிசல்காரரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். ஊர்க் கதை கேட்கிறார் என்று நினைத்தேன்.

எதிர்க்கரைப் பாறையைத் தொட்டுத் திரும்ப வேண்டும். போக ஒன்றேகால் கிலோமீட்டர். பின் சீட்டுக்கு இன்னும் ரெக்ஸின் போடாததால், உட்கார இருக்கட்டும் என்று ருக்மணி ஒரு வேஸ்ட் மூட்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஏறினாள். தண்ணீர் மொள்ள ஊத்துக்குளி நெய் டின் ஒன்று. நான் கயிற்றை இழுத்தேன். ஒன்று, ரெண்டு, ஏழாவது இழுப்பில் மோட்டார் பிடித்தது. அந்தச் சத்தத்துக்கு முதலை தண்ணீரில் இறங்கிவிட்டது. அது எனக்கு அவ்வளவு நல்ல சமாச்சாரமாகப் படவில்லை.

போகும்போது ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. முகத்தில் மலைக்காற்று, இரண்டு பக்கமும் வெள்ளையாக விரியும் தண்ணீர். பாறையைக் கையால் தொட்டேன். திரும்பும்போது கரையில் கூட்டம் சேர்ந்திருந்தது தெரிந்தது. சும்மா இருந்திருக்கலாம். அவர்கள் பார்க்கட்டும் என்று வேகத்தை முழுக்கத் திறந்தேன். காற்றும் எழுந்துவிட்டது, எதிரலை அடிவயிற்றில் பட் பட்டென்று அறைந்தது. பாதி வழியில் ருக்மணி சாதாரணமாகச் சொன்னாள்:

"ஏனுங்க, பூரி உப்புதுங்க."

குனிந்து பார்த்தேன். என் கல்லு, எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உள்பக்கமாக எழும்பி எழும்பித் தணிந்தது. ஓரம் பிரிந்து தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. எனக்குக் கிணற்று நீச்சல் பிரமாதமாக வரும். கிணற்றில் முதலை கிடையாது. பின்னால் கொஞ்ச தூரத்தில் அந்தப் பரிசல்காரர் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட வாயெடுத்துக் கையைத் தூக்கினேன்.

"கையக் கீழ போடுங்க" என்றாள். "அவரு வந்து இழுத்தா தானா வந்ததா ஆகுமுங்களா? போட்டு போயிருமுங்க."

"உசுரு போனா பரவால்லயா?"

"எட்டு மாசம் ஆரு தேச்சது, நீங்களா நானா?"

தூக்கிய கையைக் கீழே போட்டேன். மேலே எட்டு மாசம் தேய்த்த கதையைப் படிக்கும்போது யார் தேய்த்தது என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து ராத்திரிச் சோறு ஆக்கும்வரை தினமும் தேய்த்தது அவள்தான். விரல் நுனி ரேகை தேய்ந்துபோன கை அவளுடையது. கம்பெனியில் "கப்பல்காரம்மா" என்று கேலி வாங்கியதும் அவள்தான்.

மூட்டையை இழுத்துப் பூரி மேல் அமுக்கினாள். அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "மெதுவா, நேரா ஓட்டுங்க. மத்தத நான் பாத்துக்கறன்." நெய் டின்னால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே வந்தாள். நனைந்த பனியன் வேஸ்ட் ஊதிப்போய்ப் பிளவில் அடைத்துக்கொண்டது. எந்தத் துணி கைவிட்டதோ அதன் துண்டுகளே கைகொடுத்தன. கரை கிட்டே வந்ததும் டின்னை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, ஊர்வலம் வருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதினொன்று நாற்பதுக்கு முன்பகுதி மணலைத் தொட்டது. மோட்டாரை நிறுத்தினேன். கூட்டம் கை தட்டியது.

சேட்டன் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தார். "எந்திரி மோளே."

"எந்திரிக்க மாட்டனுங்க."

"எந்தா?"

"போட்டு எங்களுக்குத்தான்னு நீங்க மொதல்ல சொல்லுங்க. அப்பறம் எந்திரிக்கறனுங்க."

அவர் போட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். தொப்பை குலுங்கிப் போட்டும் குலுங்கியது. "போட்டு தானா போயி. தானா வந்து. கண்டிஷன் தீர்ந்து. மதியா, போதுமா?"

அவள் எழுந்தாள். தண்ணீர் குபுக்கென்று வந்தது. சேட்டன் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உடுமலையில் தட்டியபோதே, அந்த 'பொத்'திலேயே, அவருக்கு எல்லாம் தெரியும். பின்னாலேயே வந்த பரிசலும் வேடிக்கை பார்க்க வந்தது இல்லை. அஞ்சு ரூபாய் கொடுத்து அவர் அனுப்பியது. "போகாதேன்னு சொன்னா நீ கேக்குமோ?" என்றார் என்னிடம். கேட்டிருக்க மாட்டேன். இன்றைக்கும் அமராவதிப் பக்கம் போனால் அந்த மனுசனை நினைத்து ஒரு நிமிஷம் கரையில் நிற்பேன்.

மடியிலிருந்து பேப்பரை எடுத்து, லாரி பானட்டில் வைத்து, பேனாவைத் திறந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு என் பேரைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் என்னைத் தாண்டிப் பார்த்து, "மோளுட பேரு?" என்றார்.

"ருக்மணிங்க."

அப்படியே எழுதினார்.

பிறகு எங்களோடு திருப்பூர் வந்து மூன்று நாள் தங்கி, என் பூரியை வெட்டி எறிந்துவிட்டு, கண்ணாடி மேட்டு வைத்து அவரே அடைத்துக் கொடுத்தார். அந்த இடத்தைத் தட்டினால் இன்றைக்கும் டக் என்கும். கூலி வாங்கவில்லை. ஊத்துக்குளி வெண்ணெய் மட்டும் ரெண்டு கிலோ வாங்கிக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு: திருப்பூரிலிருந்து எண்பத்தாறு கிலோமீட்டர், காலையிலேயே கிளம்புங்கள், காற்று எழும்புமுன் கரை ஏறுங்கள். அந்தக் காலம் மாதிரி ஆள் விட்டுச் சொன்னால் இப்போது போதாது, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். முதலையை லேசாக எண்ணாதீர்கள். மேட்டு போதாவிட்டால் கோயமுத்தூர் போய் வாங்கி வாருங்கள். வாங்குமுன் மோதிர விரலால் முழுக்கத் தட்டிக் கேளுங்கள். வீட்டில் யாராவது ஒரு தரம் ஏதாவது சொன்னால் அதையும் கேளுங்கள்.

விற்பீர்களா என்ற இரண்டாவது கேள்வியை ஓனரிடம் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

"எட்டு மாசம் தேச்சுட்டு வரச் சொல்லுங்க, அப்பறம் பேசலாம்" என்றாள்.