தேசப்பன் பார்த்த ஆடுகள்

முகத்துவாரக்குப்பத்தில் தேசப்பன் வீடு எது என்று கேட்டால் சிலர் யோசிப்பார்கள். ஆட்டு தேசப்பன் என்றால் உடனே கை காட்டுவார்கள். அவர் ஆடு வளர்த்ததில்லை. வாழ்நாளெல்லாம் கடலுக்குப் போனவர்.

சில வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில், அவர் போன படகின் எஞ்சின் பழுதாகிவிட்டது. காற்று படகைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போனது. அந்தமான் அருகே ஒரு கப்பல் மீட்டது. உடன் போன இருவரும் காய்ச்சலில் கிடந்ததால், வழியில் கடந்த தீவைக் கண்டது தேசப்பன் மட்டும். கடல் நடுவில் ஒரு மலை. உச்சியில் புகை. சரிவில் ஆடுகள்.

ஊர் சிரித்தது.

"மாமு, நீ பாத்தது வள்ளூர் கரண்ட் கம்பெனி சிம்னி. இங்கியே சுத்திகினு இருந்துட்டு அந்தமான்னு வுடாத," என்றான் பக்கத்து வீட்டு ரஞ்சித். "சிம்னி மேல ஆடு எப்டி ஏறிச்சு? அத்தச் சொல்லு."

அங்கே ஓர் எரிமலைத் தீவு இருப்பதைப் பிறகு யாரோ செல்போனில் பார்த்துச் சொன்னார்கள். ஆட்டை மட்டும் யாரும் தேடிப் பார்க்கவில்லை. தேடியிருந்தால் வாய்க்குப் பழகிய பட்டப்பெயரை விடவேண்டி வந்திருக்கும்.

அவர் மனைவி செல்லம்மா சிரிக்கவில்லை. நம்புவதாகச் சொன்னதுமில்லை. மீன் விற்பவர், செவுளைத் தூக்கிப் பார்க்காமல் எந்த மீனையும் நல்ல மீன் என்று சொல்லமாட்டார். "நா பாக்கலியே," என்பார். ஊரின் சிரிப்பைவிட அந்தச் சொல்தான் தேசப்பனுக்கு வலித்தது.

பிறகு சர்க்கரை நோய் அவர் பார்வையைக் கொண்டுபோனது. வெளிச்சமும் நிழலும் மட்டும் மிச்சம்.

மகள் மோகனப்ரியாவுக்கு போர்ட் பிளேரில் நர்ஸ் வேலை. போன மாசியில் இருவரையும் வரவழைத்து, அந்த எரிமலைத் தீவைச் சுற்றிக் காட்டும் படகில் ஏற்றினாள். வழிகாட்டி சாலமன், அங்கேயே பிறந்த தமிழர். தீவில் இறங்க அனுமதி இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வழியில் டால்பின்கள் துள்ளியபோது எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். தேசப்பன் அசையவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் தலை நிமிர்ந்தது. "வந்துடிச்சி. விம்கோ நகர் தீப்பெட்டிக் கம்பெனி வாசன."

செல்லம்மா பார்த்தார். கரிய சரிவு, கடல்வரை இறங்கிய சாம்பல், உச்சியில் வெண்புகை. மறுபக்கம் பச்சை மரங்கள்.

"பொக வருது."

"அது எனுக்குத் தெரியும். ஆடு கீதா?"

"ஆடு உண்டு ஐயா," என்றார் சாலமன். "எந்தக் காலத்துலயோ கப்பல்காரங்க விட்டுட்டுப் போனதுன்னு சொல்வாங்க. ஆனா எல்லா நாளும் கண்ணுல படாது."

இது போதுமானதாக இருந்திருக்க வேண்டும். தேசப்பன் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, முகத்தை மனைவி பக்கம் திருப்பியே வைத்திருந்தார்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி இரக்கப்பட்டு, "அதோ, ஆடு நிக்குது தாத்தா," என்றாள்.

தேசப்பன் செல்லம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். "இன்னாமே?"

செல்லம்மா நன்றாக உற்றுப் பார்த்தார். "அது பாற."

மோகனப்ரியா அம்மாவின் காதருகே குனிந்தாள். "ஆமான்னு சொன்னா இன்னா கொறஞ்சிபூடும்?"

"இன்னிக்கிப் பொய் சொன்னா, நாளிக்கி நா வழில பள்ளம்னா நம்பி நிப்பாரா?"

படகு தீவைச் சுற்றி முடித்துத் திரும்பத் தொடங்கியது. சாலமன் ஓட்டுநரிடம் ஏதோ சொல்ல, வேகம் குறைந்தது. செல்லம்மா கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார். மரங்கள் முடிந்து சாம்பல் தொடங்கும் இடத்தில் ஏதோ அசைந்தது. உடனே சொல்லவில்லை. அது மறுபடி அசையும்வரை காத்திருந்தார்.

"மூணு கீது."

"இன்னா மூணு?"

"ஆடுதான். ஒண்ணு தவுட்டு நெறம். ஒண்ணு கறுப்பு. பின்னால ஒரு குட்டி. அது நொண்டுது."

"நொண்டுதா?"

"முன்னங்கால ஊணாம தத்தித் தத்திப் போவுது."

தேசப்பன் சற்று யோசித்தார். "நா பாத்தப்ப நொண்டி ஆடு இல்லியே."

"அதுக்கு நா இன்னா பண்றது? இன்னிக்கி கீது."

ஆறுதலுக்காக ஆட்டைக் கற்பனை செய்கிறவர்கள் அதற்கு நொண்டும் காலைக் கொடுக்கமாட்டார்கள். மணிக்கட்டைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. ஆனால் விடவில்லை. திரும்பும் வழியெல்லாம் அவர் அந்தக் குட்டியைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார்.

"சாம்பல்ல கால் சுடாதா அதுக்கு?"

"மரத்தாண்டதான் நிக்கிது. அம்மாக்காரி கூடவே கீது."

ஊர் திரும்பிய மறுநாள் ரஞ்சித் வாசலுக்கு வந்தான். "இன்னா ஆட்டு மாமு, எதுனா பாத்தியா?"

"நா ஒண்ணும் பாக்கலப்பா," என்றார் தேசப்பன். "அவளக் கேளு."

செல்லம்மா கூடையிலிருந்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மூணு," என்றார். "ஒண்ணு நொண்டி."