கப்பல் வரும் நாளில் மட்டாஞ்சேரி

ஆம்பூரில் தோல் வாங்க வெளிநாட்டு பையர் வருகிறார் என்றால் ஊருக்கே தெரிந்துவிடும். வாசலுக்குச் சுண்ணாம்பு, புது நாற்காலி, மதியம் பிரியாணி. வந்தவர் தோலை மடித்துப் பார்ப்பார், முகம் சுளிப்பார், பகல் முழுக்கக் குறை சொல்வார், மாலையில் ஆர்டர் தருவார். குறை கூடினால் ஆர்டரும் கூடும் என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கை. என் அக்காவின் கணவர் அதில் ஊறியவர்.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு அவர் ஷூ கம்பெனி வேலையை விட்டார். மேல்விஷாரத்தில் தோல் வாங்கிப் பை தைத்து, கொச்சியில், மட்டாஞ்சேரியில் கடை போட்டார். மிளகும் இஞ்சியும் மூட்டை கட்டிய பழைய தெரு அது. பெரிய உல்லாசக் கப்பல்கள் வரத் தொடங்கியதும் கிடங்குகள் ஒவ்வொன்றாகப் பரிசுப்பொருள் கடைகளாகிக்கொண்டிருந்தன. மாமாவுக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடை மட்டும் மிச்சமிருந்தது. மாடியில் குடியிருந்த அக்கா அரிசி, பருப்பு வாங்குவது அங்கேதான். இரண்டு கடையும் ஒரே கட்டடக்காரருக்குச் சொந்தம். மளிகைக்காரரைக் காலி செய்யவைத்து அந்த இடத்தையும் மாமாவுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். அடுத்த கப்பல் கிளம்புவதற்குள் பதில் வேண்டும்.

அந்தக் கப்பல் வந்த அன்று நான் வேலூரிலிருந்து போயிருந்தேன். ஓட்டுக் கூரைகளுக்கு மேலே கப்பலின் வெள்ளை அடுக்குகள் தெரிந்தன. பஸ்கள் தெருவை அடைத்து நின்றன. மளிகைக்கு வந்த அரிசி வண்டியைப் போலீஸ்காரர் திருப்பி அனுப்பினார். கழுத்தில் அட்டை தொங்க, ஒரு கூட்டம் கைடின் கொடிக்குப் பின்னால் விரைந்தது.

மாமா நாற்காலிகளைத் துடைத்துப் போட்டிருந்தார். அக்கா பிரியாணி செய்திருந்தாள். யாரும் உட்காரவில்லை, அவர்களுக்குச் சாப்பாடு கப்பலில் இருந்தது. ஒரு முதியவர் மட்டும் ஒரு பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையல் கோணல் என்றார். வாடை அதிகம் என்றார். கடையின் விசிட்டிங் கார்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கொடி நகர்ந்தது, அவரும் போய்விட்டார்.

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தியா மச்சான், எவ்ளோ குறை சொல்றாரு! ஆர்டர் வந்துடும்.”

“மாமா, அவரு பையர் இல்ல, டூரிஸ்ட். நாளைக்கு வேற ஊர்ல இருப்பாரு.”

“உனுக்கு பேப்பர் படிக்கத்தான் தெரியும். தோல் வியாபாரத்துல நீ வாய வெக்காத.”

அக்கா படியிலிருந்தே சொன்னாள்: “ஏங்க, காலையிலேர்ந்து ஒரு பர்ஸ் கூட போவல. இன்னொரு கடை எடுத்து இன்னா வெப்பீங்க, இந்த பிரியாணியவா?”

“பேஜார் பண்ணாத.”

சாயங்காலம் கப்பலின் சங்கு ஊதியது. கட்டடக்காரர் வந்து நின்றார். மாமா யோசிக்கவேயில்லை. சரி என்று சொல்லிவிட்டு, அவரோடு டீக்கடைக்குப் போய்விட்டார்.

அக்கா இறங்கி நேராகப் பக்கத்துக் கடைக்கு நடந்தாள். சேதி யாரோ சொல்லி அவருக்குத் தெரிவதைவிடத் தானே சொல்லிவிட நினைத்திருப்பாள். நானும் பின்னால் போனேன். மளிகைக்காரர் ஒரு பெண்ணுக்குத் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். அக்கா சொல்லச் சொல்ல, பொட்டலத்தை மடித்தார், நூல் சுற்றினார், அந்தப் பெண்ணிடம் கொடுத்து அனுப்பினார். அதன்பிறகே எங்கள் பக்கம் திரும்பினார்.

“கடை எப்ப ஒழியணும்?” என்று மலையாளம் கலந்த தன் அரைத்தமிழில் கேட்டார்.

எந்தத் தேதி என்பதை அக்கா கேட்டு வந்திருக்கவில்லை.