நடுக் கட்டம்

வாத்தியாரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திய பிறகுதான் இப்திஸாம் கேள்வித்தாளை எடுப்பாள். அவர் நின்றால் பையன்கள் அவருக்குப் பிடித்த பதிலைத்தான் போடுவார்களாம். ஜோர்தானில் எங்கள் இர்பித் ஊர்ப் பள்ளிகளில், ஆண் வேலை பெண் வேலை பற்றிப் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று அளப்பதுதான் எங்கள் பிழைப்பு. அளப்பது அவள், தாள்கட்டைச் சுமப்பது நான்.

"பெண்ணுக்கு வீட்டு வேலையே போதும்" என்று வாசிப்பாள். ஒத்துக்கொள்கிறேன் முதல் மறுக்கிறேன் வரை ஐந்து கட்டங்கள். போன வாரம் ஒரு பையன் எழுந்தான்.

"மிஸ், இது எங்கம்மாவைப் பத்தியா, பொதுவாவா?"

"பொதுவாத்தான்."

"அப்ப ஒத்துக்கறேன். எங்கம்மாவைச் சொன்னா சும்மா விடமாட்டேன். அவங்க நர்ஸு."

நான் சிரித்துவிட்டேன். இப்திஸாம் சிரிக்கவில்லை. பொதுவாக என்று ஒரு பெண் எங்கே இருக்கிறாள் என்று, எள் ரொட்டியைக் கடித்தபடி வழியெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கென்ன தெரியும்.

அவளுக்கு ஆகாதது "கருத்து இல்லை" என்னும் நடுக் கட்டம். அதில் குறி போடும் பிள்ளையிடம், "ஏன் கண்ணு நடுவுல போய் ஒளிஞ்சுக்கற? தப்போ சரியோ, ஒரு பக்கமா வந்து நில்லு" என்பாள். அளக்க வந்தவள் அப்படிச் சொல்லக் கூடாது. மேலதிகாரி காதில் விழுந்தால் வேலை போய்விடும்.

அவள் மகள் லுஜைனுக்கு அகபாவில் கடலியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. நாட்டின் தெற்குக் கோடி. விடுதியில்தான் தங்க வேண்டும். "பொண்ணு தனியாவா? நடக்காது" என்று அப்பா நாயிஃப் முடித்துவிட்டார். லுஜைன் கேட்கும்போதெல்லாம் இப்திஸாம் சொல்வது, "பார்க்கலாம்டி."

நேற்று சாயங்காலம் அவள் வீட்டுக்குக் காபிக்குப் போயிருந்தேன். கூடத்தில் நாயிஃப் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் இப்திஸாம் திராட்சை இலையில் அரிசியை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். லுஜைன் எதிரே வந்து நின்றாள்.

"காலேஜ்ல சேர நாளைக்குக் கடைசி நாள்மா. போகட்டுமா, வேணாமா?"

"அப்பா என்ன சொல்றாரோ..."

"அவர் பதில் எனக்குத் தெரியும். உன்னைக் கேக்கறேன். ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் விரட்டுவியே, நீ எந்தக் கட்டத்துலம்மா நிக்கற?"

எனக்கே சுருக்கென்றது. இப்திஸாம் பாதி சுருட்டிய இலையை அப்படியே வைத்தாள். கையைக் கழுவித் துடைத்தாள். கூடத்துக்குப் போய், நாயிஃபின் மடியிலிருந்த ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்துவிட்டு, அவருக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.