ரிவர்ஸ் விழவில்லை

பெரியப்பாவின் ஜீப்புக்கு மாமா வேறு என்ஜின் மாற்றியபோது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆடித் திருவிழாவில் நடந்ததைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் வாய்திறந்து பேசியதில்லை. எனக்கு அப்போது விஷயம் தெரியாது, குழப்பம் மட்டும்தான் தெரியும்.

மாமா அம்மாவின் தம்பி. ஒரகடத்தில் வேலை கிடைத்ததும் வாலாஜாபாத்திலிருந்து ஒரு பையோடு வந்து எங்கள் வீட்டில் தங்கியவர். வீடு பெரியப்பாவுடையது. பெரியப்பா கோயில் தர்மகர்த்தா. வெகுகாலம் கம்பெனி பஸ் ஓட்டியவர். பேச்சைவிட முறைப்பு அதிகம். அவர் முறைத்தால் பால்காரர்கூட அளவைக் கூட்டித்தான் ஊற்றுவார். அவர் ஒரு வார்த்தை போ என்றால் மாமா அன்றைக்கே பையைத் தூக்கவேண்டியதுதான்.

கொல்லையில் என்ஜின் செத்துப்போய் நின்ற ஜீப்பில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. மாமா அதைக் கேட்டு வாங்கி, விபத்தில் நசுங்கிய ஒரு வேனிலிருந்து பெரிய டீசல் என்ஜினைக் கொண்டுவந்தார். பெரியப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"என்ஜின இன்னா வேணா பண்ணிக்கோ. கியர் பாக்ஸ்ல மட்டும் கை வெக்காத. அது என் கைக்குப் பழகினது."

சிக்கல் அங்கேதான். புது என்ஜினின் போல்ட் ஓட்டைகள் ஓரிடத்தில், பழைய கியர் பாக்ஸின் ஓட்டைகள் வேறிடத்தில். இரண்டுக்கும் நடுவே, ஒரு பக்கம் இதற்கும் மறுபக்கம் அதற்கும் பொருந்துகிற மாதிரி கனத்த இரும்புத் தகடு ஒன்று வேண்டியிருந்தது. அதைக் கடைந்து கொடுத்தவர் மாமாவோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்த லேத் அண்ணன். காலனிக்காரர். இருவரும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே டிபன் டப்பாவில் கைவிட்டுச் சாப்பிடுகிறவர்கள். ஆனால் தகடு மாட்டிய நாட்களில் எல்லாம் லேத் அண்ணன் எங்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லை வழியாகத்தான் வந்தார், அப்படியேதான் போனார். முன்வாசல் திறந்தே கிடக்கும்போது எதற்கு இவ்வளவு நடக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜீப் ஓடத் தொடங்கியதும் டீக்கடையில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "அம்மாம் பெரிய என்ஜினுக்கு இந்தக் கெழட்டு கியர் தாங்காதுபா. ஒரு நாளைக்கு நடுரோட்ல நிக்கப்போவுது பாரு."

எனக்கு அதுதான் கவலை. அப்படி நின்றால் மாமாவின் மானம் போகும், பெரியப்பாவின் கோபம் வரும், பை வெளியே போகும். மாமாவோ அந்தக் கியரைக் கைக்குழந்தையைப்போலப் பார்த்துக்கொண்டார். கிளட்சை அடிவரைக்கும் மிதித்து, ஒரு மூச்சு பொறுத்து, அப்புறம்தான் கம்பியை நகர்த்துவார். "முழுசா மிதிக்கலேன்னா கத்தும்" என்பார். ஒருநாளும் அது கத்தி நான் கேட்டதில்லை.

ஆடி மாதம் வந்தது. வழக்கமாக அம்மனைத் தோளில்தான் தூக்கிப்போவார்கள். அந்த வருடம் தோள் கிடைக்கவில்லை. இளவட்டங்களில் பாதிப்பேர் செகண்ட் ஷிஃப்ட், மீதிப்பேருக்கு ஓ.டி. வேறு வழியில்லாமல் ஜீப்பின் கூரையைக் கழற்றி, பலகை போட்டு, பூ அலங்காரத்தோடு அம்மனைப் பின்னால் உட்காரவைத்தார்கள். மாமா ஓட்ட, பெரியப்பா அந்தப் பக்கம் உட்கார, நடுவில் மணியோடு நான்.

அம்மன் எங்கள் தெருக்களைச் சுற்றிவிட்டுத் தண்ணீர் டேங்க் வரை போய்த் திரும்பிவிடும். டேங்குக்கு அந்தப் பக்கம் காலனி. லேத் அண்ணனின் அம்மா வருடா வருடம் டேங்க் ஓரமாகத் தேங்காய்த் தட்டோடு வந்து நிற்பார். தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு, தேங்காயை உடைக்காமலே எடுத்துக்கொண்டு போவார்.

டேங்க் அருகே தெரு குறுகல். பின்னால் வந்துதான் ஜீப்பைத் திருப்ப முடியும். மாமா ரிவர்ஸ் போட்டார். கர்ரென்று ஒரு சத்தம். மறுபடி போட்டார். மறுபடி அதே சத்தம். குனிந்து பார்த்தால் மாமாவின் இடது கால் கிளட்சின்மேல் சும்மா இருந்தது, மிதிக்கவே இல்லை. பதற்றத்தில் மறந்துவிட்டார் போல.

"மாமா, காலு..." என்று ஆரம்பித்தேன்.

"மணிய அடி" என்றார் பெரியப்பா. அடித்தேன்.

மாமா கூட்டத்தைப் பார்த்து, "ரிவர்ஸ் வுழல" என்றார். நாங்க அப்பவே சொன்னமே என்று டீக்கடைக் குரல்கள் கிளம்பின. நியூட்ரலில் போட்டுத் தள்ளிவிடலாம் என்று நாலு பேர் முன்னால் வந்தார்கள்.

பெரியப்பா எழுந்து நின்று முறைத்தார். "அம்மனப் பின்னுக்குத் தள்றதா? எவன் கை வெக்கிறது, வெய்யி பாக்கலாம்."

ஒருவரும் வைக்கவில்லை. ரிவர்ஸ் விழுந்திருந்தாலும் அம்மன் பின்னுக்குத்தானே போயிருக்கும் என்று எனக்கு ஒரே குழப்பம்.

"அப்ப இன்னாதான் பண்றது?" என்று யாரோ கேட்டார்கள்.

"வண்டி எப்பிடிப் போவுதோ அப்பிடித்தான் போவணும்."

நேராகப் போனால் காலனி வழியாக ஏரிக்கரை ரோட்டைப் பிடித்துக் கோயிலுக்கு வந்துவிடலாம். மாமா கிளட்சை அடிவரை மிதித்து முதல் கியர் போட்டார். வெண்ணெயாக விழுந்தது.

காலனியில் யாரும் எதிர்பார்க்கவில்லை. பெண்கள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, அவசர அவசரமாக ரோட்டில் தண்ணீர் தெளித்தார்கள். சிலர் அழுதார்கள். லேத் அண்ணன் அன்று ஷிஃப்டில் இருந்தார். அவருடைய அம்மா ஜீப்போடு கூடவே நடந்துவந்தார். பெரியப்பா முன்னால் பார்த்தபடியே கையை மட்டும் நீட்டித் தட்டை வாங்கி, பின்னால் அம்மனோடு இருந்த பூசாரியிடம் கொடுத்தார். தேங்காய் உடைந்தது. எங்கள் தெரு ஆட்களில் பலர் டேங்க் அருகிலேயே நின்றுவிட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து சத்தம் போட்டவர்கள் முன்னால் பெரியப்பா மாமாவைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. என் கியர் பாக்ஸையே கெடுத்துட்டான் என்றார். மாமா தலையைத் தொங்கப் போட்டு நின்றார். பை போய்விடும் என்று நான் விசும்பத் தொடங்கினேன். வந்தவர்கள் போனதும் பெரியப்பா அம்மாவிடம், "உன் தம்பிக்கு இன்னும் ரெண்டு கரண்டி கூழ் ஊத்து" என்றார்.

மறுநாள் காலை கொல்லையில் சத்தம் கேட்டு ஓடினேன். பெரியப்பா கையை ஆட்டி, "வா, வா, போதும்" என்று சொல்லிக்கொண்டிருக்க, மாமா ஜீப்பைப் பின்னால் எடுத்து நிறுத்திக்கொண்டிருந்தார். ஒரு முனகல்கூட இல்லை.

"பெரிப்பா, ரிவர்ஸ் வுழுது. அம்மன் சரி பண்ணிடுச்சு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியப்பா என் பக்கம் குனிந்தார். "ஆமா. ஆனா யாராண்டயும் சொல்லிடாத. சொன்னா மறுபடியும் கெட்டுப்பூடும்."

நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில்கூட வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருடமும் தூக்கத் தோள் இல்லை; ரிப்பேர் பார்த்தாகிவிட்டது என்று ஊருக்குச் சொல்லிப் பெரியப்பா ஜீப்பையே எடுக்கச் சொன்னார். டேங்க் வந்தது. அந்தப் பக்கம் காலனித் தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். லேத் அண்ணன் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் சட்டையெல்லாம் மடிப்புக் கலையாமல் நின்றிருந்தார். மாமா ரிவர்ஸ் போட்டார். கர்ரென்று கத்தியது.

பெரியப்பா என்னைப் பார்க்கவே இல்லை. நான்தான் மணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன், சத்தியமாக நான் யாரிடமும் சொல்லவில்லை என்று.